திருவளர்ச்செல்வியின் முப்பது நாள்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை பத்து மணிக்கு வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இறங்கினோம். சின்ன யானை எனும் குட்டிச் சரக்கு வண்டியில். ஒரு கட்டில், ஒரு பழைய பிரிட்ஜ், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நான், சாலமன்.

இந்த நோட்டு இயக்குநர் இளம்பரிதி கொடுத்தது. நீல அட்டை, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கிறது. தினமும் எழுத வேண்டும், ஞாயிறுதோறும் வந்து வாங்கிப் படிப்பார். இதிலிருந்துதான் காட்சிகளை எழுதப்போகிறாராம். ஆகவே பரிதி சார், வணக்கம். கையெழுத்து புரியாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் புரியாது.

கதை இதுதான். வேற்றுக்கிரகத் தம்பதி ஒன்று சென்னைப் புறநகரில் வீடு வாடகைக்கு எடுத்து, யாருக்கும் சந்தேகம் வராமல் மனிதர்களாக வாழப் பார்க்கிறது. நகைச்சுவைப் படம். தம்பதி நானும் சாலமனும். படப்பிடிப்புக்கு முன்னால் முப்பது நாள், ஊரப்பாக்கம் தாண்டி இந்த அன்பு நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில் அந்த ஜோடியாகவே குடியிருக்க வேண்டும். வேண்டுமென்றே சின்னச் சின்னத் தப்புகள் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டால் எனக்குப் பதில் வேறு ஆள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் மேடை நாடகம். தொடர்களில் முதல் வாரமே படமாகி மாலை மாட்டப்படும் அம்மா. நாற்பத்தாறு வயதில் இதுதான் முதல் முறை கதாநாயகி. ஆகவே தெரியவிட மாட்டேன்.

எங்கள் பெயர் செல்வன், செல்வி. முழுப் பெயர் திருவளர்ச்செல்வன், திருவளர்ச்செல்வி. கல்யாண பேனர்களைப் பார்த்து, இந்த ஊரில் எல்லோருக்கும் அதுதான் பெயர் என்று வேற்றுக்கிரகவாசிகள் நினைத்துவிட்டார்களாம். எந்த ஊர் என்று கேட்டால் துறையூர்ப் பக்கம். தாலி கிடையாது, அந்த உலகத்தில் அது இல்லை. கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லாததால் எனக்குச் சிரமமில்லை.

சாலமன் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். அவருடைய மனைவி அம்பத்தூரிலிருந்து இதுவரை நான்கு முறை போன் செய்துவிட்டார்.

ஜூன் 4, புதன்

பக்கத்து வீட்டு தமயந்தி அக்கா வந்தார். ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். ஒரு தூக்கு நிறைய பருப்புருண்டைக் குழம்பு.

"பேர் என்னம்மா?"

"திருவளர்ச்செல்விங்க்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஸ்கூல்ல சேக்கும்போது தப்பா எழுதிட்டாங்களா? எங்க சித்தப்பா பையனுக்கும் இப்படித்தான், இனிஷியலையும் பேரையும் ஒண்ணா எழுதிட்டாங்க. விடு, நான் செல்வின்னே கூப்பிடறேன்."

நான் சிரிக்கவில்லை. உள்ளே வந்து தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தேன். குழம்பு பிரமாதம்.

ஜூன் 5, வியாழன்

தூக்கைப் பளிச்சென்று கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். நம் வீடுகளில் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம், வேற்றுக்கிரகத்தில் அது எப்படித் தெரியும்? அக்கா மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. அரிசி, துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், நான்கு வாழைக்காய். மத்தியானம் அக்கா வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்டுல ஒண்ணுமே இல்லியா செல்வி? கூச்சப்படாத. ஒரு பிடி சர்க்கரைகூட இல்லாம தூக்கைக் குடுத்தியே, எனக்கு ராத்திரி சோறே எறங்கல."

நாங்கள் சிரிப்புக்காகச் செய்ததை அவர் பட்டினி என்று படித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெருவே படித்துவிட்டது. எதிர் வீட்டிலிருந்து இட்லி மாவு வந்தது. கார்னர் வீட்டு பத்மாசினி டீச்சர், ஓய்வுபெற்றவர், எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார். பிரிட்ஜில் இடமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பரிதி எங்கள் துறையூர் உறவினராக வந்தார். சமையலறையில் உட்கார்ந்து நோட்டைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்களுக்கு நல்ல கண்ணு மேடம். நாங்க ஆறு மாசம் உக்காந்து யோசிச்சாலும் இது வராது." ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'சூப்பர்' என்று எழுதினார், மூன்று இடத்தில்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்கு அப்படி எழுதியதில்லை. பச்சையாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 11, புதன்

ஒருவருக்கு இன்று பிறந்தநாள். சேமியா பாயசம் வைத்தேன். எதற்கு என்றார் சாலமன். சும்மா என்றேன்.

ஜூன் 12, வியாழன்

தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் சாலமன் காதால் கேட்டது: நாங்கள் ஓடி வந்த ஜோடி. என் கழுத்தில் தாலி இல்லை, சொந்தக்காரர் என்று ஒரே ஒரு ஆள் ஒரு ஞாயிறு வந்து போனதோடு சரி, ஊரைக் கேட்டால் முழிக்கிறோம். "அந்தம்மா வேற எங்கயோ குடும்பத்த வுட்டுட்டு இவன்கூட வந்துருச்சு."

சாலமனுக்கு வயது ஐம்பத்தைந்து, வழுக்கை, சர்க்கரை வியாதி. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

ஜூன் 14, சனி

தமயந்தி அக்கா தெருவில் வீடு வீடாக மஸ்கட் சோப்பு கொடுத்தார். எங்களுக்கும் இரண்டு, கூடவே ஒரு சின்ன பாட்டில் தைலம். அவர் வீட்டுக்காரர் குணசேகரன் ஏழு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை ஆள் மூலம் அனுப்புவாராம். எல்லா வீட்டுக் குளியலறையிலும் இந்தச் சோப்புதான். மகள் யாழினிக்கு ஜூலை பதின்மூன்று நிச்சயதார்த்தம், ஆடி பிறப்பதற்குள். மாப்பிள்ளை பத்மாசினி டீச்சரின் தங்கை மகன்.

ஜூன் 17, செவ்வாய்

மத்தியானம் அக்கா முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தார். இருவரும் உருவினோம். சாலமன் தண்ணீர் கேன் வாங்கப் போயிருந்தார்.

"செல்வி, தெருவுல உன்னப்பத்தி பேசிக்கிறாங்க. நான் தப்பா நெனைக்கல. அத சொல்லத்தான் வந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொல்ல ஆரம்பித்தார். குணசேகரன் மஸ்கட்டில் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். அவர் வருவதாகச் சொன்ன நாளில் தாயும் மகளும் விமான நிலையத்தில் காலையில் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். ஆள் வரவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே வந்து இறங்கி நேராக ஓசூர் போயிருக்கிறார். அங்கே இன்னொரு பெண், ஒரு குழந்தை. அக்கா வீட்டுக்கு வந்து, லீவு கேன்சலாகிவிட்டது என்று தெருவில் சொல்லிவிட்டார்.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. வருடத்துக்கு இரண்டு முறை சென்னை பாரிஸ் கார்னர் கடைகளுக்குப் போய் வெளிநாட்டுச் சோப்பும் தைலமும் பேரீச்சம்பழமும் வாங்குகிறார். அவற்றைப் பழைய சூட்கேஸில் அடுக்கி, விமான நிறுவனத்தின் சீட்டு இன்னும் அதன் கைப்பிடியில் தொங்க, தெரு பார்க்கும்படி ஆட்டோவில் வந்து இறங்குகிறார். "மொத தடவ ஒரு சோப்புல வெல ஸ்டிக்கர் இருந்துச்சு. ராவும் பகலும் ஒக்காந்து அம்பது சோப்பையும் பாத்தேன்." அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். யாழினிக்கு மட்டும் தெரியும். டீச்சர் வீட்டுக்குத் தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நின்றுவிடும். நிச்சயத்துக்கு அப்பா ஏன் வரவில்லை என்பதற்கு விசா பிரச்சினை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த ஆள கேக்க முடியாது. ஒன்னத்தான் கேக்க முடியும். வீட்ட வுட்டு வந்தியே, ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சா?"

நான் ஏதோ சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீரையை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று பக்கம் ஆகிவிட்டது. ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

குப்பை வண்டி வரவில்லை. நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பக்க எண் இருக்கிறது, 31லிருந்து 35க்குத் தாவினால் பரிதி கேட்பார். அதனால் விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பரிதி இந்த முறை சிரிக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். "மேடம், இதான் படம்" என்றார். மடிக்கணினியைத் திறந்து அங்கேயே அடிக்க ஆரம்பித்தார். இடையில் நிமிர்ந்து, "அவங்க கேட்ட கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க? அதை எழுதலையே?" என்றார்.

ஞாபகம் இல்லை என்றேன்.

ஜூன் 23, திங்கள்

இது நானே கடைத்தெருவில் வாங்கிய நோட்டு. பரிதிக்கு இது தெரியாது. நீல நோட்டில் இன்று 'எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

காலையில் காட்சி வந்துவிட்டது. வேற்றுக்கிரக மனைவியை விட்டுவிட்டு அவள் கணவன் விண்கலத்தில் போய்விடுகிறான். கடைசியில் அவள் தெரு ஜனங்களை நிற்கவைத்துச் சொல்கிறாள்: 'இந்தச் சோப்பு வெளிநாட்டுச் சோப்பு இல்லீங்க. பாரிஸ் கார்னர்ல நானே வாங்கி, பழைய சூட்கேஸ்ல அடுக்கி, ஆட்டோவுல வந்து எறங்குவேன். எங்க வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்ல.' அதைக் கேட்டுச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன் செய்து கெஞ்சினேன். "பேர் சொல்லலையே மேடம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "சார், இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் அதே சோப்பு இருக்கு" என்றேன். "அதனாலதான் அங்கேயே எடுக்கிறோம். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுங்க முகத்துல அந்த ரியாக்‌ஷன் வராது. அந்தத் தெருக்காரங்களே நிக்கணும், செட்டுல எடுத்தா செத்துரும்."

போனை வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. வேலையைச் சரியாகச் செய்கிறார். அக்காவின் கதையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தது யார் என்று இந்த நோட்டிலாவது எழுத வேண்டும். நான்தான். ஓரத்தில் இன்னொரு 'சூப்பர்' வரும் என்று எழுதினேன்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா யாழினிக்கு எடுத்த பட்டுப்புடவையைக் காட்ட வந்தார். மயில் கழுத்து நிறம். "நிச்சயத்தன்னிக்கு நீ எம்பக்கத்துல நிக்கணும் செல்வி. எனக்குன்னு யாரும் இல்ல. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒப்பந்தம் போகும். புடவையின் பார்டரைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 2, புதன்

முப்பது நாள் முடிந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பரிதி உண்மையைப் போட்டு உடைத்தார். அப்புறம் ஒரே கூச்சல், சிரிப்பு. ஓடி வந்த ஜோடி இல்லை என்றதும் பாதிப்பேருக்கு ஏமாற்றம்தான். எல்லோரும் படத்தில் வரலாம் என்றதும் பத்மாசினி டீச்சர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும், மாலை ஆறு மணி வரை, தெருவில் படமெடுக்கச் சங்கம் அனுமதித்தது.

"மேடம் தினமும் நோட்டுல எழுதிட்டே இருந்தாங்க, அதான் இந்தப் படமே" என்றார் பரிதி, என்னைப் பாராட்டுகிறாராம்.

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து தேடினேன், போய்விட்டிருந்தார். கதவைத் தட்டினேன். யாழினி வந்து, அம்மாவுக்குத் தலைவலி என்றாள்.

ஜூலை 3, வியாழன்

இரண்டு தடவை தட்டினேன். திறக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சோப்புக் காட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். மூன்றரை மணிக்குத் தெரு நிறைய ஜனம். ஆளுக்கொரு சோப்பு கொடுத்து நிற்கவைத்தார்கள். டீச்சர் முதல் வரிசையில், தங்கையோடு. அந்த அம்மாள்தான் மாப்பிள்ளையின் தாய். அக்காவை யாழினி கைபிடித்து அழைத்துவந்து ஓரமாக நிறுத்தினாள். வராமல் இருந்தால் டீச்சர் வீட்டார் ஏன் என்று கேட்பார்களே, அதனால் வந்திருப்பார். வசனம் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரியாக்‌ஷன் கெட்டுவிடும் என்று பரிதி சொல்லவில்லை.

ஆக்‌ஷன் என்றார்.

"இந்தச் சோப்பு..." என்றேன். நிறுத்தினேன். "சாரி, மறந்துடுச்சு."

மேடையில் எனக்கு வசனம் மறந்ததில்லை. காய்ச்சலில் நடித்தபோதும், பந்தல் சரிந்து விழுந்தபோதும் மறந்ததில்லை. இன்று இந்தக் கூட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழித்தேன். இரண்டாவது டேக்கிலும் அதே இடம். மூன்றாவதிலும். பரிதி பக்கத்தில் வந்து, "டென்ஷன் வேணாம் மேடம்" என்று தண்ணீர் கொடுத்தார். மெதுவாகக் குடித்தேன்.

நான்காவதில், இந்தக் காட்சியில் வேலையில்லாமல் ஓரமாக நின்ற சாலமன் தும்மினார். ஐந்தாவதில் குறுக்கே வந்து நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஒரே வீட்டில் முப்பது நாள் இருந்தவருக்குப் புரிந்திருக்கிறது.

ஆறாவது டேக்கில் வினை வந்தது. நான் நிறுத்தியதும், இணை இயக்குநர் பெண் தாளைப் பார்த்துக் கணீரென்று எடுத்துக்கொடுத்தாள். "வெளிநாட்டுச் சோப்பு இல்லீங்க, பாரிஸ் கார்..."

"தெரியும்! எனக்குத் தெரியும்! நிறுத்தும்மா!" என்று கத்தினேன். ஒரு நடிகை திமிர் பிடித்துக் கத்துகிறாள் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டீச்சர் தங்கையிடம் ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்கினார். யாரும் அந்தப் பாதி வார்த்தையைக் கவனிக்கவில்லை.

ஒருவரைத் தவிர. அக்கா சோப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். யாழினி அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

அதன்பிறகு ஐந்து டேக். ஒவ்வொன்றிலும் "இந்தச் சோப்பு" வரை வந்தேன். வேர்வையில் மேக்கப் கரைந்து கழுத்துக்கு ஓடியது. பரிதியின் பேச்சில் 'மேடம்' போய்விட்டது. "ஒரு வரி! ஒரே ஒரு வரிங்க!" என்றார். ஐந்தே முக்காலுக்கு மேகம் கட்டி வெளிச்சம் போனது. சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பேக்கப்.

"பாவம், டயலாக் வரல அந்தம்மாவுக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

ஜூலை 5, சனி

காலையில் தயாரிப்பு மேலாளர் போன். வேறு ஆளைப் பேசிவிட்டார்களாம். தெரு இனிமேல் கிடைக்காது, அதனால் சோப்புக் காட்சியைப் பரிதி எடுத்துவிட்டாராம். நீல நோட்டைக் கேட்டேன். அது கம்பெனி சொத்து என்றார்.

சாலமன் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தமயந்தி அக்கா வந்தார். அவரைப் பார்த்ததும் சாலமன் வண்டி பிடிக்கக் கிளம்பிவிட்டார். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினொரு தடவ" என்றார். "நானும் எண்ணினேன்."

"அக்கா, மன்னிச்..."

"இரு. நான் சொன்னத எழுதினியா?"

"எழுதினேன்க்கா."

"எல்லாத்தையும்?"

"எல்லாம். மூணு பக்கம்."

"ஸ்டிக்கர் கதையையுமா?"

தலையாட்டினேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"டீச்சர் வீட்டுக்கு இப்ப போறேன். நானே சொல்லிடப்போறேன். கட்டிக்கறதுன்னா கட்டிக்கட்டும், இல்லன்னா போவட்டும். எம்பொண்ணும் அதான் சொல்றா. எந்த நோட்ட எவன் படிக்கறானோன்னு பயந்துகினு இனிமே சோப்பு வாங்க என்னால ஆவாது."

நானும் வருகிறேன் என்றேன். "நீ வேணாம்" என்றார். சட்டென்று, யோசிக்காமல் சொன்னார். அது எனக்கு வலித்தது. வலிக்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் வலித்தது.

எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன், நீ ஒரு பதில் சொன்ன. அத நெனச்சுதான் அஞ்சு வருஷத்துல மொத தடவையா நல்லா தூங்கினேன். அதுவும் டயலாக்கா?"

"இல்லக்கா."

"நீ நடிக்கறவ. நான் எப்பிடி நம்பறது?"

கழற்றிய கட்டில் சட்டத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"அதையும் நோட்டுல எழுதினியா?"

"இல்ல."

"என்னோடது மூணு பக்கம். உன்னோடது ஒரு வரி. அத மட்டும் வுட்டுட்ட." திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார். "எழுது. எனக்காவ ஒண்ணும் வேணாம். எழுது, நான் இருக்கேன்."

எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எழுதுகிறேன்.

என் பெயர் கோதை. 2003 மார்ச், கரூர். என் மகன் கவினுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. வீட்டில் நடிக்கவிடவில்லை. நாடகக் குழுவில் சேர ஒரு பையில் நான்கு புடவையோடு மதுரை பஸ் ஏறினேன். பஸ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். பிள்ளை வாசலில் நின்றிருந்தான். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் குதித்துக் குதித்துக் கையாட்டினான். அம்மா கடைக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பான். அடுத்த நிறுத்தம் பெட்ரோல் பங்க். நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. பஸ் அங்கே நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

அக்கா கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில்: "திரும்பிப் பாத்தேன்க்கா. எறங்கத்தான் இல்ல."